கை மாறும் நூல்கள்

நல்ல நூலொன்றைப் படித்து முடித்தவுடன் அதை நண்பர் ஒருவரின் கையில் சேர்த்துவிட வேண்டும் என்னும் துடிப்பு எனக்கு இளமை முதலே உண்டு. நூல் நல்லதாயிருந்தால் போதும், யாருக்கும் கொடுக்கலாம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறென்று எனக்கு உணர்த்தியவர் என் முதிய நண்பர்.

மனைவியை இழந்த மறு ஆண்டே பக்கவாதம் அவரைக் கட்டிலில் கிடத்திவிட்டது. ஆறுதலாக இருக்குமென்று வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 1977இல் வெளிவந்த சிறிய நூல். கடலோரக் கிறிஸ்தவ மீனவரின் வாழ்வைச் சொல்வது. வல்லத்தைப் பிரிய மனமின்றித் தவிக்கும் குரூஸ் மிக்கேலையும், காதலை இழந்தும் உள்ளம் கசந்துபோகாத பிலோமியையும் நான் மறந்ததேயில்லை. நண்பரோ பாதியிலேயே நூலைத் திருப்பித் தந்தார்.

"நல்ல கதைதான். ஆனால் பிரிவைப் படிக்க எனக்குப் புத்தகம் வேண்டுமா?" என்றார்.

நாணித் தலைகுனிந்தேன். நூலை நினைத்த நான் அவரை நினைக்கவில்லை.

அன்று என் பையில் 'நடந்தாய் வாழி காவேரி' இருந்தது. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரிக் கரையோரமாகப் பயணம் செய்து எழுதி, 1971இல் வெளியான பயண நூல். நடக்க இயலாதவரிடம் அதை நீட்டத் தயங்கினேன். அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதன்பின் நான் போகும்போதெல்லாம் வழிப்பயணியைப் போலச் செய்தி சொல்வார். ஒருநாள், "ஒகேனக்கல் வந்துவிட்டோம்" என்றார். 'வந்துவிட்டோம்' என்ற அச்சொல்லில் நானும் இருந்தேன். மறைந்த அவர் மனைவியும் இருந்திருக்கலாம். நூலைப் படித்து முடித்த அன்று, சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "ஆறு கடலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அந்தக் கடற்கரைக் கதையை மறுபடியும் தாருங்கள்" என்றார்.

இம்முறை அதை முழுவதும் படித்தார்.

அன்பர்களே, இவ்விரு நூல்களையும் தேடிப் படியுங்கள். படித்தபின் பிறருக்கும் கொடுங்கள். ஆனால் கொடுக்குமுன், வாங்குபவரின் முகத்தை ஒரு கணம் உற்று நோக்குங்கள். திருப்பித் தந்தால் வருந்தவும் வேண்டாம். அந்நூலுக்குரிய நாள் அவருக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவே.