முகம் எழுதப் பழகினோம்

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து, மறைக்கல்விச் சிறுவர் வீடு திரும்பிய பின்பு, பங்கு மன்றத்தின் மேற்கு மூலையில் ஒரு நீள்பலகையைச் சுற்றி ஐவர் அமர்ந்திருப்பதை எங்கள் பங்கு மக்கள் அறிவார்கள். "இது என்ன சங்கம்?" என்று தொடக்கத்தில் கேட்டவர்கள் உண்டு. மரியாயின் சேனையும் அன்று. வின்சென்ட் தே பவுல் சபையும் அன்று. தலைவர், செயலாளர், பொருளாளர் என எவரும் இதில் இல்லை. ஆளுக்கொரு பென்சில், மடியில் ஓர் அட்டை, அதன்மேல் ஒரு வெள்ளைத்தாள். நாங்கள் மனித முகத்தை உள்ளபடி வரையப் பழகுகிறவர்கள்.

தையற்கடை நடத்துபவர் ஒருவர். தச்சுவேலை செய்பவர் ஒருவர். மருத்துவமனைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். ஐந்தாமவர் கல்லூரியில் பயிலும் இளைஞர். இவர்களுள் இதை எழுதுபவர் யார் என்று வாசகர்கள் தேட வேண்டா. நால்வர் சொல்ல ஒருவர் எழுதியது இது. எங்களுள் எவரும் ஓவியக் கல்லூரியின் வாசலை மிதித்தவரல்லர். கற்பிக்க ஆசிரியரும் கிடைக்கவில்லை. ஒருவர் வரைந்ததை மற்ற நால்வரும் பார்த்துச் சொல்வது ஒன்றே எங்கள் பாடம். அதுவே எங்கள் தேர்வு.

முதல் மாதங்களில் நாங்கள் வரைந்த முகங்களை இன்று எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஐவரும் ஒரே தவற்றைச் செய்திருக்கிறோம். கண்களை நெற்றியில் ஏற்றி வைத்திருக்கிறோம். உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை அளந்தால் கண்கள் ஏறக்குறையச் சரிபாதியில் அமைந்துள்ளன. இரு கண்களுக்கும் இடையே இன்னொரு கண் அளவு இடம் உண்டு. காதின் மேல்விளிம்பு புருவத்துக்கும், கீழ்விளிம்பு மூக்கின் அடிக்கும் ஏறத்தாழ நேராக நிற்கிறது. இவையெல்லாம் நாள்தோறும் கண்ணாடியில் நாம் காண்பவையே. ஆயினும் நம் மனம் கண்ணையும் வாயையும் மட்டுமே முகம் என்று எண்ணி, அவற்றைப் பெரிதாக்கி, மண்டையைச் சுருக்கிவிடுகிறது.

பிழைகள் அத்துடன் நிற்கவில்லை. கண்ணின் வெள்ளைப் பகுதியைத் தாளின் வெண்மையாகவே விட்டோம். ஆனால் மேலிமையின் நிழல் விழுவதால் அங்கே மெல்லிய சாம்பல் நிறமே உள்ளது. பற்களை ஒவ்வொன்றாகக் கோடிட்டு வரைந்தோம். சிரித்த வாய் சோளக் கதிராயிற்று. கூந்தலை இழை இழையாக இழுத்தோம். அது கம்பிக் கட்டாயிற்று. மனத்தில் அறிந்திருந்ததை வரைந்தோமே அன்றி, எதிரே கண்டதை வரையவில்லை.

பென்சிலைப் பற்றியும் ஒரு சொல். அதன் உள்ளே இருப்பது ஈயமன்று. களிமண் கலந்த கிராஃபைட். போர்க்காலத்தில் இங்கிலாந்தின் கிராஃபைட் பிரான்சுக்கு வராமற் போனபோது, நிக்கோலா ழாக் கோந்தே என்னும் பிரெஞ்சுக்காரர் கிராஃபைட் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சுடும் முறையைக் கண்டு, 1795-இல் அதற்கு உரிமை பெற்றார். களிமண் மிகுந்தால் கோடு வெளிறும், குறைந்தால் கறுக்கும். எழுதுவதற்கு எச்பி போதும். கன்னத்தின் நிழலுக்கு 2பி, 4பி, கருவிழிக்கு 6பி என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். பொருளால் ஆன செலவு அவ்வளவே.

மற்றதெல்லாம் பிறர் கண்களிடமிருந்து வந்தது. அவரவர் தொழில் அவரவர் பார்வையில் இருந்தது என்பது எங்களுக்கு வியப்பளித்தது. "இரண்டு தோளும் ஒரே உயரமாக இருக்கிற மனிதரை நான் இதுவரை அளந்ததில்லை" என்றார் தையற்காரர். அன்றே எங்கள் படங்களில் தோள்கள் உயிர் பெற்றன. தச்சர் ஒரு நூலில் சிறு ஆணியைக் கட்டித் தூக்குக்குண்டு போல் படத்தின்முன் பிடித்தார். கண்ணின் உள்மூலையிலிருந்து இறக்கிய நூல் மூக்கின் ஓரத்தைத் தொட வேண்டிய முகத்தில், எங்கள் மூக்கு எங்கோ விலகி நின்றது. "கழுத்து தூண் போல நிமிர்ந்து நிற்பதில்லை, முதுகிலிருந்து முன்னே சாய்ந்துதான் தலையைத் தாங்குகிறது" என்று காட்டினார் செவிலியர். படத்தைத் தலைகீழாகத் திருப்பிவைத்து, கோணிய வாயைக் கண்டுபிடிக்கும் வழியைக் கொண்டுவந்தவர் கல்லூரி மாணவர்.

கிரேக்க நாட்டில் அப்பெல்லஸ் என்றோர் ஓவியர் இருந்தார். அவரைப் பற்றி உரோமை எழுத்தாளர் பிளினி ஒரு செய்தி சொல்கிறார். அப்பெல்லஸ் தம் ஓவியங்களை மக்கள் நடமாடும் இடத்தில் வைத்துவிட்டு, பின்னால் மறைந்து நின்று அவர்கள் பேசுவதைக் கேட்பாராம். ஒருநாள் செருப்புத் தைப்பவர் ஒருவர், மிதியடியில் வார் வளையம் ஒன்று குறைகிறது என்றார். ஓவியர் அதைத் திருத்தினார். பெருமை கொண்ட அவர் மறுநாள் காலைப் பற்றியும் குறை சொல்லத் தொடங்க, மிதியடிக்கு மேல் போக வேண்டாம் என்று ஓவியர் தடுத்துவிட்டாராம். நாங்கள் முற்பகுதியைப் பின்பற்றுகிறோம்; பிற்பகுதியை விட்டுவிட்டோம். எங்கள் பலகையில் செருப்புத் தைப்பவர் காலைப் பற்றியும் பேசலாம். 1435-இல் ஓவியக்கலை பற்றி நூல் எழுதிய இத்தாலியர் ஆல்பெர்த்தியும், வரையும்போது நண்பர்களைக் கலந்துகொள்ளவும், யார் சொன்னாலும் செவிகொடுக்கவும் ஓவியருக்கு அறிவுரை கூறியிருக்கிறார்.

ஆயினும் சொல்வதற்கும் ஒரு முறை வேண்டும் என்பதை நாங்கள் பட்டே கற்றோம். மூன்றாம் மாதத்தில் ஒருநாள், மாணவர் வரைந்த கண் பிழையாக இருக்கக் கண்ட ஆசிரியை, நீண்டகாலப் பழக்கத்தினால் தம் பென்சிலாலேயே அதைத் திருத்திவிட்டார். கண் அழகாக அமைந்தது. ஆனால் அதற்குரியவர் இரண்டு ஞாயிறுகள் வரவில்லை. "அது நல்ல கண்தான் டீச்சர், ஆனால் என் கண் இல்லை" என்று பின்பு சொன்னார். அன்று மூன்று ஒழுங்குகளை வகுத்தோம். ஒருவர் தாளில் மற்றவர் பென்சில் படலாகாது. நால்வரும் பேசி முடிக்கும்வரை வரைந்தவர் தம்மைக் காத்துப் பேசலாகாது. 'நன்றாக இல்லை' என்று சொல்லலாகாது. 'நன்றாக இருக்கிறது' என்றும் சொல்லலாகாது. எந்த இடம், எவ்வாறு என்று சொல்ல வேண்டும்.

துரும்பையும் மரக்கட்டையையும் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை எங்களுக்கு இங்கேதான் விளங்கிற்று. ஒரு மணி நேரம் குனிந்து வரைந்த கண், தன் பிழைக்குத் தானே பழகிப்போகிறது. பக்கத்தில் இருப்பவர் திரும்பிய மாத்திரத்தில் அதைக் காண்கிறார். அவருடைய தாளிலோ அதைவிடப் பெரிய பிழை இருக்கும். அதை அவர் காண்பதில்லை. துரும்பை எடுக்கவே கூடாது என்று ஆண்டவர் கூறவில்லை. முதலில் உன் கட்டையை எடு, பிறகு சகோதரனுக்கு உதவத் தெளிவாகப் பார்ப்பாய் என்னும் ஒழுங்கையே வகுத்தார். ஆகவே எங்களில் ஒவ்வொருவரும் முதலில் தம் படத்தைக் கேட்புக்கு வைத்த பின்பே பிறர் படத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

இவ்வளவு கற்றும், வேண்டிய நேரத்தில் தவறினோம். அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். உரியவரின் இசைவு பெற்றே எழுதுகிறோம்.

தையற்கார அண்ணாச்சி எங்களோடு சேர்ந்ததன் காரணத்தை நெடுநாள் சொல்லவில்லை. அவர் மனைவி இறைவனடி சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கைப்பேசி இருக்கும் இடமெல்லாம் நிழற்படம் மலிந்த இக்காலத்திலும், அந்த அம்மையாருக்குத் தனியாக ஒரு நல்ல படம் இல்லை. வாக்காளர் அட்டையில் உள்ளது ஒன்று. பேத்தியின் புதுநன்மை நாளில் கூட்டத்தோடு எடுத்தது ஒன்று. அதைப் பெரிதாக்கினால் முகம் கலங்கிப்போனது. தம் கையாலேயே அவரை வரைந்து வீட்டில் மாட்ட வேண்டும் என்பதற்காகவே அவர் ஓராண்டாக எங்கள் முகங்களை வரைந்து பழகியிருக்கிறார்.

ஆகஸ்டு மாதத்து ஞாயிறு ஒன்றில் அந்தப் படத்தைக் கொண்டுவந்து பலகையில் வைத்தார். நாங்கள் நால்வரும் அம்மையாரை நன்கு அறிந்தவர்கள். பார்த்தவுடன் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அளவுகள் சரியாக இருந்தன. நிழல் சீராக இருந்தது. சேலையின் மடிப்பு உண்மைபோலவே இருந்தது. ஆனால் அதில் அவர் இல்லை. யாரோ ஓர் அழகிய பெண்மணி இருந்தார்.

அவர் முகத்தைப் பார்த்தோம். வாய் வரவில்லை. "அப்படியே இருக்கிறார்கள்" என்றார் எங்களுள் ஒருவர். "ஆமாம், அப்படியே" என்றார் மற்றவர். ஒழுங்குகளை வகுத்த நாங்களே அன்று அவற்றை மறந்தோம். அதை அன்பென்றும் எண்ணிக்கொண்டோம். அவர் ஒன்றும் பேசாமல் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

மூன்றாம் வாரம் நால்வருமாக அவர் வீட்டுக்குச் சென்றோம். படம் சுவரில் இல்லை. தேநீர் கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார். பிறகு மெல்லச் சொன்னார்: "சட்டைக் காலர் ஒன்று தவறாகப் போட்டால் அரை மணி நேரம் எனக்கு உண்மை சொல்வீர்கள். இவளுக்காக ஓர் உண்மைகூடச் சொல்ல மனம் வரவில்லையே உங்களுக்கு. படம் அவள் மாதிரி இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கே இல்லை என்றுதான் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் கொண்டுவந்தேன்."

நாங்கள் தலைகுனிந்தோம். வருந்துகிறவருக்கு வேண்டியிருந்தது துணை. நாங்கள் கொடுத்ததோ, எங்கள் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ளும் ஒரு சொல். மன்னிப்புக் கேட்டோம். படத்தை எடுத்துவரச் சொன்னோம். துணிக்கட்டுகளுக்கு அடியிலிருந்து எடுத்து, தைக்கும் மேசைமேல் விரித்தார். பழைய ஒழுங்குப்படி அவர் பேசாதிருக்க, நாங்கள் நால்வரும் பேசினோம்.

"மோவாய் இவ்வளவு கூர்மையாக இருக்காது" என்றார் தச்சர். "உதட்டோரத்தில் ஒரு தழும்பு உண்டே" என்று ஆசிரியை நினைவூட்டினார். மாணவர், சிறுவயதில் பாடகர் குழுவில் அம்மையார் அருகில் நின்றவர். பாடாத வேளையிலும் அவர் வாய் சற்றே திறந்திருக்கும் என்றார். கடைசியாகச் செவிலியர், இறுதி நோயில் அவரோடு இருந்தவர், சொன்னார்: "அக்காவுக்கு இடக்கண் இமை கொஞ்சம் தாழ்ந்திருக்கும், அண்ணாச்சி. இங்கே இரண்டும் சமமாக இருக்கிறது. அந்த இமை தாழ்ந்திருந்ததால்தான் எப்போதும் சிரிக்கப் போகிறவர்கள் போலவே இருப்பார்கள்."

அண்ணாச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த இமையைப் பற்றி அவளுக்கே ஒரு குறை இருந்தது. படத்திலாவது இல்லாமல் இருக்கட்டுமே என்று நான்தான் சரிசெய்தேன். தழும்பையும் நான்தான் விட்டுவிட்டேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துக்கத்தோடு ஓர் ஆறுதலும் அவர் முகத்தில் இருந்ததை நாங்கள் கண்டோம். அன்று மாலைவரை அந்த வீட்டில் அம்மையாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நான்கு ஆண்டுகளில் அவரிடம் எவரும் அவ்வளவு நேரம் அவளைப் பற்றிப் பேசியதில்லை என்று சொன்னார்.

மனிதன் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவன் என்று சிறுவயதிலேயே மறைக்கல்வியில் கற்கிறோம். அச்சாயல் ஒரே அச்சில் வார்த்ததன்று என்பதை ஒரு பென்சில் எங்களுக்குக் கற்பித்தது. தாழ்ந்த இமையையும் தழும்பையும் அழித்துவிட்டால் அழகு மிஞ்சலாம். ஆனால் ஆள் போய்விடுகிறார். நம் இல்லங்களிலும் இவ்வாறே செய்கிறோம் அல்லவா? கணவன் மனைவியையும், பெற்றோர் பிள்ளைகளையும் உள்ளபடி பார்ப்பதற்கு மாறாக, தாம் விரும்பும் முகத்தை அவர்கள்மேல் வரைகிறார்கள். அம்முகம் பொருந்தாதபோது சினம் கொள்கிறார்கள். பிழை கண்டவிடத்து இடம் சுட்டாமல் 'நீ சரியில்லை' என்கிறார்கள். அல்லது மனம் நோகுமே என்று ஒன்றும் சொல்லாமல் விடுகிறார்கள். இரண்டாவதை அன்பென்று நாங்களும் நம்பியிருந்தோம். அருகில் அமர்ந்து, கூர்ந்து பார்த்து, இந்த இடம் என்று மெதுவாகச் சொல்லி, திருத்தும் பென்சிலை உரியவர் கையிலேயே விட்டுவிடுவதுதான் அன்பு என்று இப்போது நினைக்கிறோம்.

அக்டோபர் 18 புனித லூக்காவின் திருநாள். அன்னை மரியாவின் உருவை அவர் எழுதினார் என்பது மரபு. ஓவியர்களுக்கு அவரே பாதுகாவலர். அதை அடுத்த ஞாயிறன்று அண்ணாச்சி புதிய படத்தைக் கொண்டுவந்தார். அது அவருடைய ஐந்தாம் முயற்சி. முதலில் எவரும் பேசவில்லை. மன்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த மூதாட்டி எட்டிப் பார்த்து, நெஞ்சில் சிலுவை அடையாளம் வரைந்து, அம்மையாரின் பெயரைச் சொன்னார். அதுவே போதுமானதாயிற்று.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, மெழுகுதிரிகளுக்கும் செவ்வந்தி மாலைக்கும் நடுவே அந்தப் படம் அம்மையாரின் கல்லறைமேல் இருந்தது. பங்குத்தந்தை மந்திரித்துவிட்டுச் சற்று நின்று பார்த்துச் சென்றார். நாங்கள் நால்வரும் அண்ணாச்சியோடு நின்று செபித்தோம். செபம் முடிந்ததும் அவர் எங்கள் பக்கம் திரும்பி, "என்ன, சொல்லுங்கள்" என்றார்.

வலக்காது இன்னும் சற்று உயர்ந்திருக்கிறது. சொல்லிவிட்டோம். "அடுத்த ஆண்டு இறக்கிவிடுகிறேன்" என்று கூறிச் சிரித்தார்.