ஐந்து ஆறுகளும் ஓர் ஊர்தியும்

“இந்தக் கிழட்டு வண்டியை இன்னுமா வைத்திருக்கிறீர்கள்?” என்று நம்மைக் கேளாதார் நம் ஊரில் அரியர். பரிவோடு கேட்போர் உளர். நகைப்போடு கேட்போர் உளர். விலை என்னவென்று அறியும் ஆவலோடு கேட்போரும் உளர். மூவர்க்கும் சேர்த்து ஒரே விடையாக இதனை எழுதலாம் என்று எண்ணினோம். எழுத உட்கார்ந்தபோதுதான், நம்மைப்பற்றி நாமே சொல்லியாக வேண்டிய ஒரு செய்தியும் இதற்குள் இருப்பது புலனாயிற்று. அதனையும் மறையாது சொல்வோம்.

நம் வண்டி ஒரு லாம்பிரெட்டா. இத்தாலி நாட்டுப் பிறப்பு, பம்பாயில் வளர்ப்பு. மிலான் நகரின் கிழக்கோரத்தில் லாம்பிராத்தே என்றொரு பகுதி. அதன் அருகே ஓடும் ஆற்றின் பெயர் லாம்பிரோ. எஃகுக் குழாய்கள் செய்து பெருஞ்செல்வரான ஃபெர்டினாண்டோ இன்னொசெந்தி என்பாரின் தொழிற்சாலை அங்கே இருந்தது. இரண்டாம் உலகப் போரின் குண்டுகள் அதனைச் சிதைத்தன. போர் ஓய்ந்தது. மக்களிடம் கார் வாங்கப் பணமில்லை. ஆயினும் வேலைக்குப் போயாக வேண்டும். இன்னொசெந்தி தமக்குத் தெரிந்த எஃகுக் குழாயையே முதுகெலும்பாக வைத்து, சிறு சக்கரங்களைப் பூட்டி, 1947இல் ஓர் ஊர்தியை வெளியிட்டார். ஆற்றின் பெயரே அதற்கு வாய்த்தது.

அதற்கு ஓராண்டு முன்பே, 1946இல், அதே நாட்டில் வெஸ்பா பிறந்துவிட்டது. வெஸ்பா என்றால் இத்தாலிய மொழியில் குளவி. அதனை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ வானூர்திப் பொறியாளர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்கு ஒவ்வாமை. எண்ணெய் உடையில் தெறிக்கிறது, காலை அகட்டி ஏற வேண்டியிருக்கிறது, சக்கரம் பழுதானால் கழற்றுவது பெரும்பாடு என்பன அவர் கண்ட குறைகள். ஆகவே எஞ்சினை மூடி, முன்னே தகடு வைத்து, கால் வைக்க மேடை அமைத்து, நாற்காலியில் அமர்வதுபோல் அமரச் செய்தார். வேட்டியும் கைலியும் உடுத்தும் நம் காவிரிக் கரைக்காரர்களை அவர் கண்டிருக்க மாட்டார். ஆயினும் நமக்கென்றே செய்ததுபோல் அந்த அமைப்பு பொருந்திற்று. நெல் மூட்டையைக் கால்மேடையில் நிறுத்தலாம். பெண்கள் ஒருபக்கமாக அமரலாம். வெள்ளை வேட்டியில் கறை படாது.

1950களில் பம்பாயில் ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனம் லாம்பிரெட்டாவைக் கொண்டுவந்தது. 1960களின் தொடக்கத்தில் பஜாஜ் நிறுவனம் வெஸ்பாவைச் செய்யலாயிற்று. உரிமம் பெற்ற அளவுக்கே ஆக்கலாம் என்ற காலம் அது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். இத்தாலியில் இன்னொசெந்தி நிறுவனம் 1971இல் லாம்பிரெட்டா செய்வதையே நிறுத்திற்று. அதன் எந்திரங்களை நம் நாட்டு அரசே வாங்கி, 1972இல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்னும் நிறுவனத்தை ஏற்படுத்திற்று. விஜய் சூப்பர் என்ற பெயரில் ஓடிய வண்டி அந்த வழியில் வந்ததே. அந்நிறுவனத்தையும் மூடிவிட 2021இல் மைய அரசு முடிவு செய்தது. தாய்வீடும் இல்லை, புகுந்தவீடும் இல்லை என்ற நிலையில் இவ்வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நம் அத்தா அவர்கள் 1969இல் இவ்வண்டியை வாங்கினார்கள். தஞ்சையில் ஓர் அரிசி மண்டியில் அவர்களுக்குக் கணக்கு எழுதும் வேலை. நம் ஊரோ திருவையாற்றைத் தாண்டி வடக்கே ஆறு கிலோமீட்டர். தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்குப் பதின்மூன்று கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். சிறுவனாகிய நம்மை முன்னே கால்மேடையில் நிற்கவைத்து, ஒவ்வொரு பாலம் வரும்போதும் “என்ன ஆறு?” என்று கேட்பார்கள். தவறாகச் சொன்னால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். சரியாகச் சொன்ன பிறகே கிளம்பும். மேட்டூரில் ஜூன் 12இல் அணை திறந்த ஆண்டுகளில், கல்லணையைக் கடந்து புதுத்தண்ணீர் வந்து சேரும் நாளில் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு, நுரையும் சருகுமாக நீர் மணலை நனைத்து வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். ஓர் ஆற்றின் பெயரைச் சுமந்த ஊர்தி ஐந்து ஆறுகளை நாள்தோறும் கடந்தது என்பது அன்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இவ்வண்டியில் அப்படி என்னதான் இருக்கிறது? புதிய வண்டிகளோடு ஒப்பிட்டால் குறைகளே மிகுதி. தடை பிடிப்பது மெதுவாக; விளக்கு மின்மினி; இரட்டை வீச்சு எஞ்சின் ஆதலால் பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து எரிந்து புகை கக்கும். இக்காலப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலப்பதால், பழைய ரப்பர்க் குழாய்கள் விரைவில் நைந்துபோகின்றன. இவற்றை மறைத்துப் புகழ்வது நேர்மையன்று.

ஆயினும் அதனை ஓட்டுவோர் அதனை அறிந்தே ஓட்ட வேண்டும். பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும், குளிர்நாளாயின் சோக்கை இழுக்க வேண்டும், உதைக்க வேண்டும். இடக்கையால் கிளட்ச்சை அழுத்தி, அந்தப் பிடியையே திருகிக் கியர் மாற்ற வேண்டும். எஞ்சின் ஒலி தடித்தால் கார்புரேட்டரில் அழுக்கு; தொண்டை கட்டினாற்போல் இருமினால் பிளக்கில் கரி. பக்கத் தகட்டைக் கழற்றிப் பிளக்கைத் தேய்த்து மாட்டினால் போதும், பாதி நோய் தீரும். நாம் மதரஸாவில் ஸர்பு, நஹ்வு ஓதிய காலத்தில் உஸ்தாத் ஒரு வினைச்சொல்லைத் தந்து, அதன் மூல எழுத்து மூன்றையும் எடு என்பார்கள். சேர்ந்திருக்கும் எழுத்துகளை நீக்கி வேரைத் தொட்டால் சொல் தன்னைத் திறந்து காட்டும். இவ்வண்டியும் அத்தகையதே. மூடியைத் திறந்தால் காரணம் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். இன்றைய வண்டிகள் பழுதானால் உள்ளே என்ன நடந்ததென்று உரியவனுக்கே விளங்குவதில்லை.

அரபு மொழியில் ஒட்டகத்துக்கு ஜமல் என்று பெயர்; அழகுக்கு ஜமால் என்று பெயர். இரண்டுக்கும் எழுத்துகள் அவையே. சுமக்கும் விலங்கிலேயே அழகையும் கண்ட மக்கள் அவர்கள். நம் தமிழிலும் ஊர்தல் என்றால் செல்லுதல். ஊர் என்றால் நாம் வாழும் இடம். இவ்வண்டியின் மேல் அமரும்போதெல்லாம் ஊரும் ஊர்தியும் ஒன்றுக்கொன்று உறவு என்றே நமக்குத் தோன்றும். அத்தா அவர்களின் காலத்தில் அது மெய்யாகவே ஊரின் வண்டியாக இருந்தது. மருத்துவச்சி அதில் போனார். மாப்பிள்ளை அதில் வந்தார். விதைநெல் மாதிரி அதில் போயிற்று. சாவி திண்ணை ஆணியில் தொங்கும். எடுத்தவர் திருப்பிக் கொண்டுவந்து மாட்டுவார். பெட்ரோல் ஊற்றியவரும் உண்டு, ஊற்றாதவரும் உண்டு.

1998இல் அத்தா அவர்கள் மறைந்தார்கள். வண்டி பல ஆண்டுகள் மாட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஐம்பது வயதைத் தொட்டபோது அதனை மீட்க வேண்டும் என்ற ஆசை நமக்குப் பிறந்தது. கரந்தையில் ஒரு முதிய மெக்கானிக், இவ்வகை வண்டிகளில் கைதேர்ந்தவர், எட்டு மாதம் எடுத்துக்கொண்டு அதற்கு உயிர் தந்தார். கிடைக்காத பாகங்களை எங்கெங்கோ தேடினோம். மூன்று மாதச் சம்பளம் கரைந்தது. பழைய வெளிர்நீலமும் வெள்ளையும் பூசி அது வெளியே வந்தபோது, சிறுவயதில் கால்மேடையில் நின்ற அதே குழந்தையாகிவிட்டோம்.

அன்றுதான் நோயும் தொடங்கிற்று. மழைபெய்தால் வண்டியை எடுப்பதில்லை. குழந்தைகள் தொட்டால் மனம் பதறும். வாரந்தோறும் துடைப்போம். சென்னையிலிருந்து பழைய வண்டிகளைச் சேர்க்கும் செல்வர் ஒருவர் வந்து, நாம் செலவிட்டதைப்போல் மும்மடங்கு தருவதாகச் சொன்னார். 2021இல் வந்த விதிப்படி ஐம்பதாண்டு கடந்த வண்டியைப் பழம்பெருமை வண்டியாகப் பதிவு செய்யலாமாம். ஆனால் அன்றாட வேலைக்குச் சாலையில் ஓட்டலாகாதாம். காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் மட்டுமே அது வெளிவரும். “விற்றுவிடுங்கள் அத்தா, மின்சார வண்டி ஒன்று வாங்கித் தருகிறேன்” என்று துபாயிலிருந்து நம் மகன் சொன்னான். நாம் மறுத்தோம். மறுத்ததில் பெருமையும் கொண்டோம். அதற்குப் பெயர் அன்பு என்று எண்ணியிருந்தோம்.

ஒரு கார்த்திகை மாத இரவு. மழை தூறிக்கொண்டிருந்தது. இஷா தொழுது வந்து படுக்கும் நேரம். பக்கத்து வீட்டுத் தையற்காரரின் மகன் வந்து கதவைத் தட்டினான். அவன் தாயாருக்கு ஈளை நோய், மூச்சு இரைக்கிறது, உறிஞ்சும் மருந்து தீர்ந்துவிட்டது. திருவையாற்றில் மருந்துக்கடை மூடுவதற்குள் போக வேண்டும். எதிர்வீட்டு வண்டி வெளியூர் போயிருந்தது. “ஹஜ்ரத், வண்டியைக் கொஞ்சம் தர்றீங்களா?” என்றான்.

நாம் வெளியே பார்த்தோம். சேற்றைப் பார்த்தோம். வண்டியைப் பார்த்தோம். “கிளட்ச் ஒயர் அறுந்து கிடக்குது தம்பி” என்றோம்.

“சரிங்க ஹஜ்ரத்” என்று சொல்லிவிட்டு அவன் மிதிவண்டியில் போனான். நாமே ஓட்டிச் சென்றிருக்கலாம். ஆனால் சொன்ன பொய் அந்த வழியையும் அடைத்துவிட்டது. அவன் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த ஒன்றரை மணி நேரமும் நடுச்சுவருக்கு அப்பால் அந்த அம்மையார் மூச்சுக்குத் தவித்த ஒலி நமக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. இறைவன் அருளால் அவர் பிழைத்தார்.

சுப்ஹு தொழுது திரும்பும்போது அவன் வாசலில் நின்றான். “திருவையாத்துக்குத்தான் வேலையாப் போறேன் ஹஜ்ரத். கிளட்ச் ஒயர் வாங்கிட்டு வரவா?” என்றான்.

முப்பதாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நமக்கு அன்று வாயில் சொல் எழவில்லை. திருமறையில் மாஊன் என்றொரு சிறு அத்தியாயம் உண்டு. தொழுகின்ற சிலரையே கண்டித்து, அற்பப் பொருளையும் பிறர்க்குத் தராது தடுக்கிறவர்கள் என்று முடியும். மாஊன் என்றால் என்ன என்பதற்கு விரிவுரையாளர் பலர் சட்டி, வாளி, கோடரி போன்ற அண்டைவீட்டார் இரவல் கேட்கும் பொருள்கள் என்று விளக்கினர். அந்தப் பாடத்தை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். பட்டியலில் ஒரு லாம்பிரெட்டாவையும் சேர்த்துக்கொள்ள நமக்குத் தோன்றியதில்லை!

அவனிடம் உண்மையைச் சொன்னோம். கிளட்ச் ஒயர் அறவில்லை, நம் மனம்தான் இறுகிவிட்டது என்றோம். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தோம். அவனோ தலைகுனிந்து, “புதுசா பெயின்ட் அடிச்ச வண்டி. கேட்க எனக்கே கூச்சமாத்தான் இருந்துச்சு ஹஜ்ரத்” என்றான். அந்தச் சொல் நம்மை இன்னும் கூடுதலாகச் சுட்டது. திண்ணை ஆணியில் சாவி தொங்கிய வீட்டில், இரவல் கேட்கவே அண்டைவீட்டுப் பிள்ளை கூசும்படி நாம் ஆக்கிவிட்டோமே என்று நாணினோம்.

பழைய பொருளின் மேல் நமக்கு உண்டாகும் ஈர்ப்பு ஆராயத்தக்கது. அதன் வடிவம் ஒரு காரணம். நம் கையும் காதும் அதற்குத் தேவைப்படுவது மற்றொரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலாக, மறைந்தவர்களோடு நம்மை அது சேர்த்துவைக்கிறது. ஆனால் அத்தா அவர்கள் நமக்கு விட்டுச்சென்றது எஃகும் தகரமும் மட்டுமன்று. ஆணியில் தொங்கிய சாவியும் சேர்த்தே. நாம் தகரத்தை மீட்டு, சாவியைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டோம். அமானிதம் என்று வந்ததை உடைமை என்று பிழையாகப் படித்துவிட்டோம்.

அன்று மாலையே திண்ணையில் ஓர் ஆணி அடித்தோம். தையற்காரரின் மகனுக்கு வண்டியைப் பழக்கினோம். சோக்கு எப்போது, கியர் எப்படி, பிளக்கைத் தேய்ப்பது எவ்வாறு என்றெல்லாம் அவன் ஒரு மாதத்தில் கற்றான். கற்ற மாதத்திலேயே வெண்ணாற்றுப் பாலச் சுவரில் இடப்பக்கத் தகட்டை உரசியும் வந்தான். முகம் வாடி நின்ற அவனைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கீறலை இன்றுவரை பூசி மறைக்கவில்லை. சென்னைச் செல்வர் மறுபடி வந்தபோது கீறலைத் தடவிப் பார்த்து விலையைப் பாதியாகக் குறைத்தார். தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

இப்போது வலக்கால் முழங்கால் வலிக்கிறது, உதைக்க முடிவதில்லை. தஞ்சைக்குப் போகவேண்டிய நாளில் அவனே உதைத்துக் கிளப்பி ஓட்டுகிறான். நாம் பின்னே அமர்கிறோம். காவிரிப் பாலம் முதலில் வருகிறது. “என்ன ஆறு?” என்று கேட்கிறோம். அவன் சிரித்துக்கொண்டே சொல்கிறான். குடமுருட்டிக்கும் சரியாகவே சொல்கிறான். வெட்டாற்றுக்கும் வெண்ணாற்றுக்கும்தான் இன்னும் தடுமாறுகிறான்.