நீல எழுத்தை நம்பாதே, கண்ணு

போனக்காடு,
செவ்வாய்க்கிழமை ராத்திரி

என் அருமைக் கண்ணே,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை முழுசாக் கேட்டுட்டேன். வீட்டுக்குள்ள சிக்னல் வராதுன்னு உனக்குத் தெரியுமே, விதுரையிலேர்ந்து திரும்பி வர்ற பஸ்ஸுல காணித்தடம் செக்போஸ்ட் வர்றதுக்குள்ள காதுல வச்சுக் கேட்டு முடிச்சேன், நான் தனியாச் சிரிக்கறதைப் பார்த்துப் பக்கத்து சீட்டு சேச்சி ஒரு மாதிரியாத் திரும்பி உட்கார்ந்தாங்க. ஆபீஸ் ஷீட்டுல லிங்க் ஒண்ணும் திறக்கலைன்னு பாதி அழுகை, அதுக்கு நீ வாங்கின திட்டுக்கு மீதி அழுகை, நடுவுல உன் மாமியார் வச்ச மொச்சைக் குழம்பைப் பத்தி ஒரு புகார். குழம்புக்கு என்கிட்ட மருந்து இல்லை, ஏட்டி. லிங்க்குக்கு இருக்கு.

மலைக்கு அந்தப் பக்கம் பாபநாசத்துல நீ, இந்தப் பக்கம் நான், நடுவுல அகத்தியமலை உச்சியில 1,868 மீட்டர் உயரத்துல அகத்தியர். நேரா ஒரு வழி இருந்திருந்தா நானே வந்து சரிபண்ணிக் குடுத்துட்டு, அந்தக் குழம்பையும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்திருப்பேன். இப்போ எழுதித்தான் சொல்லணும்.

முதல்ல ஒண்ணு. நீலமா அடிக்கோடு போட்டிருக்கறதெல்லாம் லிங்க்னு நம்பாதே. சிலபேர் அழகுக்காக நீலக் கலர் அடிச்சு வச்சிருப்பாங்க, சிலது வேற இடத்துலேர்ந்து எழுத்தை மட்டும் காப்பி பண்ணி ஒட்டினதா இருக்கும், உள்ளே விலாசமே இருக்காது. அதனால அமுக்காம மவுஸை மேலே கொண்டுபோய் நிறுத்து. ஒரு குட்டிப் பெட்டி வந்து எங்கே போகப் போறேன்னு காட்டும். மேலே ஒரு பேர் எழுதியிருக்கும், பெட்டிக்குள்ள வேற ஊருக்கு வழி போட்டிருக்கும், அதையும் பார்த்திருக்கேன். பெட்டியே வரலைன்னா அது வெறும் எழுத்து, அதைப் போட்டு நூறு தடவை அமுக்கினாலும் அது அப்படியேதான் இருக்கும்.

ரெண்டாவது, உன் பிரச்சினை பாதி இதுவாக்கூட இருக்கலாம்: எக்ஸெல்ல சும்மா அமுக்கினாலே திறக்கும், வேர்டுலயும் லிப்ரே ஆபீஸ்லயும் கண்ட்ரோல் கீயைப் பிடிச்சுக்கிட்டு அமுக்கினாத்தான் திறக்கும். எங்க பக்கத்துப் பிள்ளைங்களுக்குக் கண்ட்ரோல் பிடிக்கறது தண்ணி பட்ட பாடு, ஏன்னா கேரளாவுல கவர்மெண்ட் ஸ்கூல் கம்ப்யூட்டரெல்லாம் லினக்ஸ்தான், அதுல இருக்கறது லிப்ரே ஆபீஸ். 2001-ல ஐடி அட் ஸ்கூல்னு ஆரம்பிச்சது 2017-ல கைட்னு கம்பெனியாச்சு, ரெண்டு லட்சத்துக்கு மேல கம்ப்யூட்டர்ல அவங்க லினக்ஸ் ஓடுதுன்னு 2019-லயே பேப்பர்ல வந்துச்சு. அதுல படிச்ச பிள்ளைங்க நான் வேலை பார்க்கற கம்ப்யூட்டர் கடைக்கு வந்து எக்ஸெல்ல கை வச்சா செல்லை செலக்ட் பண்ணப் போறப்போ லிங்க் திறந்துக்கிட்டுப் போயிடும், எக்ஸெல் பழகினவங்க லிப்ரே ஆபீஸ் முன்னாடி உட்கார்ந்தா எத்தனை அமுக்கினாலும் ஒண்ணும் நடக்காது. ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் ரிப்பேர்னுதான் சொல்லுவாங்க. கண்ட்ரோல் பிடிக்கறது தொல்லைன்னா லிப்ரே ஆபீஸ்ல டூல்ஸ், ஆப்ஷன்ஸ், செக்யூரிட்டின்னு உள்ளே போனா அந்த டிக்கை எடுத்துடலாம். நான் எடுக்க மாட்டேன். தெரியாம கை பட்டு எங்கேயாவது போய் மாட்டிக்காம இருக்க அந்த ஒரு கீ காவலா இருக்கட்டும்.

இப்போ உன் ஷீட்டுக்கு வர்றேன். இதே மாதிரி ஒண்ணு போன மாசம் எங்க கடைக்கும் வந்துச்சு, அதைச் சொன்னா உனக்குத் தன்னால புரிஞ்சிடும்.

இங்கே நிலைமை உனக்குத் தெரியாததில்லை. எஸ்டேட் தேயிலை ஃபேக்டரி மூடிக் கிடக்கு, கிராச்சுவிட்டி பாக்கி, சம்பளப் பாக்கின்னு தொழிலாளர் லயத்துல ஒரு வீடு விடாம ஒரு கதை இருக்கு. இங்கே இருக்கற பழைய பங்களாவைப் பேய் பங்களான்னு வீடியோ எடுக்க வர்ற பையன்களுக்கு ஒழுகற லயம் கண்ணுல படறதே இல்லை, அது வேற வயித்தெரிச்சல். நம்ம பையன் ஒருத்தன், படிச்சவன், நல்ல மனசு, எல்லார் பேரையும் ஒரு எக்ஸெல் ஷீட்டுல போட்டு, ஆதார், ரேஷன் கார்டு, பழைய சம்பளச் சீட்டு எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி, பேருக்கு நேரா லிங்க் குடுத்து, பென் டிரைவ்ல எடுத்துட்டு பிரிண்ட் போட வந்தான். ஒண்ணு திறக்கலை. வரிசையா அமுக்கறோம், வரிசையா குறிப்பிட்ட ஃபைலைத் திறக்க முடியலைன்னு எக்ஸெல் சொல்லுது. கூட வந்த பாட்டி, பாவம், தன் பேரையே கம்ப்யூட்டர் வேண்டாம்னு சொல்லிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டாங்க.

மவுஸை மேலே வச்சுப் பார்த்தா விஷயம் தெரிஞ்சுபோச்சு. ஸ்கேனெல்லாம் அவன் வீட்டு லேப்டாப் டெஸ்க்டாப்புல இருக்கு, ஷீட் மட்டும் பென் டிரைவ்ல. சி டிரைவ், யூசர்ஸ், அவன் பேர், டெஸ்க்டாப்னு லிங்க் அவன் வீட்டுக்கே வழி காட்டுது. எங்க கடை கம்ப்யூட்டர்ல அவன் பேருல ஒரு ஃபோல்டருக்கு எங்கே போறது?

இதுல சூட்சுமம் ஒண்ணுதான். ஷீட்டும் ஸ்கேனும் ஒரே ஃபோல்டர்ல இருந்தா எக்ஸெல் முழு விலாசத்தை எழுதாது, மேல் லயத்துக்கு வந்து கோயிலுக்கு அடுத்த வீடுன்னு நாம உள்ளூர் ஆளுக்குச் சொல்ற மாதிரி சுருக்கமா எழுதி வச்சுக்கும். ஃபோல்டரோட மொத்தமாத் தூக்கிக்கிட்டு எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும் அந்த வழி சரியா இருக்கும். ஷீட்டை மட்டும் பிச்சு மெயில்ல அனுப்பினா போச்சு, மெயில்லேர்ந்து அப்படியே திறக்கறப்போ அது ஏதோ ஒரு தற்காலிக ஃபோல்டர்ல போய் உட்கார்ந்துக்கும், அங்கே கோயிலும் இல்லை, அடுத்த வீடும் இல்லை. ஜிப் ஃபைலை விரிக்காம உள்ளேயே டபுள் கிளிக் பண்ணித் திறக்கறாங்களே, அவங்களுக்கும் இதே கதிதான்.

அந்தப் பையன் சாயங்கால பஸ்ஸுல போய் மறுநாள் ஸ்கேனெல்லாம் எடுத்துட்டு வந்தான். அத்தனை லிங்க்கையும் ஒவ்வொண்ணா மாத்தணுமேன்னு தலையில கை வச்சான். ஃபைண்ட் ரிப்ளேஸ் போட்டா மாறாது, கண்ணு, அது வெளியே தெரியற எழுத்தைத்தான் மாத்தும், உள்ளே இருக்கற விலாசத்தைத் தொடாது. அதனால பழைய லிங்க்கை எல்லாம் எடுத்துட்டு பக்கத்துல ஹைப்பர்லிங்க் ஃபார்முலா போட்டோம். ஃபோல்டர் பேரை ஒரு செல்லுல எழுதி, ஃபைல் பேரை ஒவ்வொரு வரிசையிலேர்ந்தும் எடுத்துக்கச் சொல்லி, கீழே வரைக்கும் இழுத்து விட்டா முடிஞ்சுது. நாளைக்கு ஃபோல்டர் பேர் மாறினா அந்த ஒரு செல்லைத் திருத்தினாப் போதும். ரெண்டு மூணு அப்பவும் திறக்கலை, பார்த்தா ஃபைல் பேருல நம்பருக்கு முன்னாடி ஹாஷ் குறி போட்டிருக்கான். அந்தக் குறியைப் பார்த்தா ஆபீஸ் சாஃப்ட்வேர் ஃபைல் பேர் அதோட முடிஞ்சுதுன்னு எடுத்துக்கும். குறியை எடுத்ததும் திறந்துச்சு, பாட்டியோட ரேஷன் கார்டும் வந்துச்சு.

இன்னொரு வகை இருக்கு, அது கோபத்தைக் கிளப்பும். லிங்க்கை அமுக்கினா, உங்கள் நிறுவனத்தோட கொள்கைகள் இதைத் தடுக்குது, ஹெல்ப் டெஸ்க்கைக் கேளுங்கன்னு ஒரு பெட்டி வரும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏது நிறுவனம், ஏது ஹெல்ப் டெஸ்க்? அனேகமா யாராவது ஒரு பிரவுசரைப் போட்டுட்டு அப்புறம் எடுத்திருப்பாங்க, வெப் பக்கத்தை யார்கிட்ட குடுத்துத் திறக்கணும்னு விண்டோஸுக்குத் தெரியாம முழிக்குது, அதைச் சொல்லத் தெரியாம கொள்கை அது இதுன்னு பேசுது. செட்டிங்ஸ்ல ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ்னு போய் நீ வச்சிருக்கற பிரவுசரை மறுபடி டிஃபால்ட்டா ஆக்கு, எச்டிஎம்எல் ஃபைலுக்கும் அதையே காட்டு. பெரும்பாலும் இதுலயே சரியாயிடும். இதுக்கு விண்டோஸையே புதுசாப் போடணும்னு காசு கேக்கறவங்க இருக்காங்க, குடுத்துடாதே.

லாகின் பண்ண வேண்டிய சைட்டுக்கு லிங்க் இருந்தா அது தனி ரகம். பிரவுசர்ல நீ ஏற்கெனவே உள்ளே இருப்பே, ஆனா லிங்க்கை அமுக்கினா மறுபடி லாகின் பக்கமே வரும். எக்ஸெல் உன்னை அனுப்பறதுக்கு முன்னாடி தானே ஒரு தடவை போய்க் கதவைத் தட்டிப் பார்க்கறதால வர்ற வினை. விலாசத்தைக் காப்பி பண்ணி பிரவுசர்ல ஒட்டிக்கோ, வாதம் பண்ணாதே.

எல்லாம் சரியா இருந்தும் திறக்கலைன்னா அந்தப் பக்கமே செத்துப் போயிருக்கும். 2013-ல இருந்த வெப் பக்கங்கள்ல நூத்துக்கு 38 பத்து வருஷத்துல காணாமப் போயிடுச்சுன்னு அமெரிக்காவுல பியூ ஆராய்ச்சி மையம் 2024-ல கணக்குச் சொன்னாங்க. இதுல ஒரு வேடிக்கை கேளு. டிம் பெர்னர்ஸ் லீ 1989-ல செர்ன்ல இந்த வெப்புக்கு முதல் யோசனை எழுதிக் குடுத்ததே, ஆளுங்க வந்து வந்து போறாங்க, போறப்போ அவங்களுக்குத் தெரிஞ்ச விஷயமும் கூடவே போயிடுதுங்கற கவலையிலதான். அவர் கவலை தீர்ந்ததா இல்லையான்னு நம்ம லயத்தைப் பார்த்தாத் தெரியும், ஏட்டி. எஸ்டேட் கணக்குப்பிள்ளை போனாரு, ரிஜிஸ்டர் எங்கே இருக்குன்னு சொல்ல இப்போ ஆள் இல்லை.

அதனாலதான் சொல்றேன், லிங்க் பொருள் ஆகாது, வெறும் விலாசம்தான். பணம், நிலம், பென்ஷன்னு வந்தா விலாசத்தை மட்டும் வச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்காதே, அந்தப் பக்கத்தை பிடிஎஃப்பா இறக்கி ஷீட்டுக்குப் பக்கத்துலயே வை.

கரண்ட் போயிட்டுப் போயிட்டு வருது, நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸைப் பிடிக்கணும், இதோட நிறுத்தறேன். நீ ஒண்ணு செய். உன் ஷீட்டையும் அது கூப்பிடற ஃபைல் அத்தனையையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு, ஜிப் பண்ணி, கடை மெயிலுக்கு அனுப்பு, மத்தியானம் கூட்டமில்லாதப்போ பார்த்துத் திருப்பி அனுப்பறேன். ஆபீஸ்ல யாரையும் கேக்காம ஒரு லிங்க்கையும் அழிச்சுடாதே. மாமியார்கிட்ட மொச்சைக் குழம்புக்குப் பக்குவம் கேட்டு எழுது.

உன்,
மலைக்கு இந்தப் பக்கத்துக்காரி