சாம்பலில் துளிர்த்த தீவு

விடுமுறை என்றதும் கதிரவன், கடல், மணல் ஆகிய மூன்றையுமே மனம் நாடுகிறது. இம்மூன்றும் குறைவின்றி வாய்த்த தீவு லான்சரோட்டே. ஸ்பெயின் நாட்டுக்குரிய கானரித் தீவுகளுள் ஒன்றான இது, ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் மாகடலில் உள்ளது. மார்கழிக் குளிரிலும் அங்கே நண்பகல் வெப்பம் 20 டிகிரியை எட்டும். கோடையில் வடகிழக்குக் காற்று ஓயாது வீசுவதால் வெயிலின் கடுமை தெரிவதில்லை; மேனி கருகிய பின்னரே தெரியும். ஆதலால் தொப்பியும் குடிநீரும் பயணப் பெட்டியில் முதலிடம் பெறட்டும்.

பயணத் திட்டம் வகுக்கும் குடும்பத்தார் கடற்கரைக்கு இரண்டு நாள் ஒதுக்கினால், தீவின் வரலாற்றுக்கும் இரண்டு நாள் ஒதுக்குதல் நன்று. ஏனெனில், இத்தீவு நெருப்பில் புடமிடப்பட்ட தீவு.

1730-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் இரவு, திமன்பாயா என்னும் இடத்தருகே நிலம் பிளந்தது. யாய்சா ஊரின் பங்குக் குருவான ஆந்திரேஸ் லொரென்சோ குர்பேலோ, தம் கண்முன் நிகழ்ந்த அழிவை ஓராண்டுக்கும் மேலாகக் குறித்து வைத்தார். 1736 வரை நீடித்த அந்தச் சீற்றத்தில் தீவின் கால் பங்கு நிலம் எரிகுழம்பில் புதையுண்டது. ஊர்கள் பல மறைந்தன. மக்கள் பலர் அண்டைத் தீவுகளுக்குக் குடிபெயர்ந்தனர். மஞ்சா பிளாங்கா மக்கள் வியாகுல மாதாவின் திருவுருவை ஏந்திப் பவனி சென்று, ஆலயம் எழுப்புவதாக நேர்ந்துகொண்டனர் என்றும், எரிகுழம்பு அங்கேயே நின்றது என்றும் மரபு கூறும். அங்கு எழுந்த திருத்தலத்தில் செப்டம்பர் 15 பெருவிழா. அம்மாதத்தில் செல்வோர், ஊர்ஊராய் மக்கள் கால்நடையாய் வந்து சேர்வதைக் காணலாம்.

எஞ்சியவர்கள் செய்தது வியப்புக்குரியது. வயல்களை மூடிய கருஞ்சாம்பல் ஈரத்தைக் காத்து வைக்கும் என்பதை அவர்கள் கண்டறிந்தனர். லா ஹேரியாப் பகுதியில் சாம்பலை ஆழத் தோண்டி, அடியிலுள்ள பழைய மண்ணில் குழிக்கு ஒரு கொடியாகத் திராட்சையை நட்டனர். காற்றைத் தடுக்கக் குழியின் விளிம்பில் பிறைவடிவில் கற்சுவர் எழுப்பினர். ஆண்டு முழுவதற்கும் 150 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் நிலத்தில் இன்றும் அக்கொடிகள் காய்க்கின்றன.

எரிமலைப் பகுதி 1974 முதல் தேசியப் பூங்கா. ஓரிடம் வரை சொந்த ஊர்தியில் செல்லலாம். அதற்கப்பால் பூங்காவின் பேருந்திலேயே சுற்றிவர வேண்டும். அங்கே நிலத்தில் பதித்த குழாயில் நீரூற்றினால், நொடியில் அது ஆவித் தூணாய்ச் சீறி எழும். அடிமண்ணின் அனல் இன்னும் ஆறவில்லை! வடக்கே, பழங்காலத்தில் எரிகுழம்பு ஓடிய குகையினுள் ஹமேயோஸ் தெல் ஆகுவா என்னும் இடத்தில் ஒரு குளம் உண்டு. பார்வையற்ற சின்னஞ்சிறு வெண்ணிற நண்டுகள் அதில் வாழ்கின்றன. குளத்தில் காசு எறிதல் ஆகாது; உலோகம் கரைந்து அவற்றைக் கொன்றுவிடும். அவ்விடத்தை எழிலுற அமைத்தவர் தீவில் பிறந்த ஓவியர் சேசார் மன்ரிக்கே (1919–1992). வானுயர் கட்டடங்களும் விளம்பரப் பலகைகளும் தீவின் முகத்தைக் கெடுக்காதவாறு வாதாடியவரும் அவரே.

அவர் அஞ்சியது வீண் அச்சமன்று. ஏறத்தாழ 1,60,000 பேர் வாழும் இத்தீவுக்கு இன்று ஆண்டுதோறும் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். குடிநீரோ, கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிப் பெறுவது. 2024 ஏப்ரல் 20 அன்று கானரித் தீவுகளெங்கும் பல்லாயிரவர் தெருவில் திரண்டு, சுற்றுலாவுக்கு எல்லை வேண்டும் எனக் குரல் எழுப்பினர். விருந்தினரை வெறுத்தன்று, வீட்டு வாடகையும் நீர்த் தேவையும் தாங்கமுடியாத சுமையாகிவிட்டதால்.

ஆகவே, செலவுக் கணக்கோடு இன்னொரு கணக்கும் எழுதிக்கொள்வோம்: எவ்வளவு நீரைச் செலவிடுவோம்? யாரிடம் காய்கனி வாங்குவோம்? யாருடைய வீட்டில் தங்குவோம்? பாதையை விட்டு விலகாமலும் ஒரு கல்லையும் எடுத்து வராமலும் திரும்புவோமா? சாம்பலைத் தோண்டிக் கொடி நட்டவர்களின் மண்ணில் சில நாள் இளைப்பாறுவோர், அந்த உழைப்புக்குச் செலுத்தும் மரியாதை இதுவே.