மேலேயிருந்து பார்த்தால் 155 தெரியாது

எங்கள் மூன்று பேரையும் சேர்த்துவைத்தது பாடமுமில்லை, விரிவுரையுமில்லை. 155 பஸ்தான். ஒருத்தி வெள்ளவத்தையில் ஏறுவாள். ஒருவன் எதிர்த்திசையில் கொட்டாஞ்சேனையிலிருந்து வருவான். மற்றவள் மருதானை. கம்பஸுக்குப் பக்கத்து ஹோல்ட்டில் மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இறங்குவோம், ஒன்றாகவே லேட் ஆவோம். கொழும்பில் தமிழ் காதில் விழுகிற இடங்களை ஒரே நூலில் கோத்த மாதிரி ஓடுகிற பஸ் அது. காலி வீதியால் வந்து, பம்பலப்பிட்டியில் திரும்பி, பல்கலைக்கழகம், டவுன் ஹோல் எல்லாம் தாண்டி, மருதானையில் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கி, ஆமர் வீதியால் கொட்டாஞ்சேனைக்குப் போய் மட்டக்குளியில் முடியும். வெள்ளவத்தைத் தமிழும், கொட்டாஞ்சேனைத் தமிழும், மருதானை முஸ்லிம்களின் தமிழும் அதில் ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு இருக்கும்.

போன வருடம் பீட நாடகத்தில் எங்களில் மருதானைக்காரிக்கு நல்ல பாத்திரம் கிடைத்தது. வசனமெல்லாம் பாடமாக்கிவிட்டாள். ஒத்திகை முடிய இரவு ஏழரை ஆகும். அதற்குப் பிறகு பஸ் வருமா வராதா என்பது நாளுக்கு நாள் மாறும். சில நாள் பத்து நிமிடத்தில் வரும். சில நாள் ஒரு மணித்தியாலம் நின்றும் வராது. ஓட்டோவில் போனால் ஒரு நாள் காசில் ஒரு கிழமைச் சாப்பாடு போய்விடும். இரண்டு கிழமை அவளுடைய வாப்பா ஹோல்ட்டில் வந்து காத்திருந்தார். மூன்றாம் கிழமை, "போதும் மகள், படிச்சு முடிங்க" என்றார். அவர் கோபப்படவில்லை. அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். பாத்திரம் வேறு ஒருத்திக்குப் போனது.

பெரிய விசயமில்லைதான். நாடகத்தில் நடிக்காமல் யாரும் செத்துப்போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் நாங்கள் பஸ்ஸைப் பற்றி யோசிக்கத் தொடங்கினோம். அதுவரை அது மழை மாதிரி, வந்தால் வரும் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் மருதானையில் பஸ் நிறுத்தி ஆள் சேர்த்துக்கொண்டிருந்த நேரம், கொண்டக்டர் அண்ணாவிடம் எங்களுக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டோம்: ஏன் இரவில் ஓடுவதில்லை? அவர் சிரித்துவிட்டுக் கணக்குச் சொன்னார். முதலாளிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். டீசல் போட வேண்டும். மிச்சம்தான் அவருக்கும் டிரைவருக்கும். காலையிலும் பின்னேரமும் சனம் நிறையும், அந்த நேரம் ஹோல்ட் ஹோல்ட்டாக நின்று நிரப்பினால்தான் கை நிறையும். இரவு ட்ரிப்புக்கு டீசல் காசே தேறாது. "நங்கி, மம பாடுவட துவன்னத?" என்றார். நட்டத்துக்கு ஓடவா என்று. எங்களுக்குப் பதில் இல்லை. அவர் சொன்னது நியாயம். ஒத்திகைக்குப் போன எங்கள் ஆளும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை நிரப்ப ஒரு காசு வேண்டும், அந்தக் காசை யார் போடுவது என்பதுதான் கேள்வி.

இதற்கிடையில் தாமரைக் கோபுரத்துக்கு ஏறிப் பார்த்தோம். மருதானைக்காரி பிறந்து வளர்ந்தது அதற்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு நாளும் மேலே போனதில்லை. கீழே டிக்கட் எடுக்கும்போது, இந்தக் காசுக்கு எத்தனை நாள் 155இல் போகலாம் என்று ஒருவன் கணக்குப் பார்க்கத் தொடங்க, மற்ற இருவரும் அவன் வாயை மூடினோம். 350 மீற்றருக்கு மேல் உயரம். கட்டியதற்கு 100 மில்லியன் டொலருக்கு மேல் போனது, அதில் பெரும்பகுதி சீன எக்ஸிம் வங்கிக் கடன். 2019 செப்டெம்பரில் விழா எடுத்துத் திறந்தார்கள். சனம் ஏறிப் பார்க்க மூன்று வருடம் பிடித்தது, 2022 செப்டெம்பரில்தான் விட்டார்கள்.

மேலேயிருந்து கொழும்பு உண்மையிலேயே வடிவு. பேர வாவி பச்சையாகத் தெரியும், மணம் தெரியாது. மருதானை ரயில் நிலையத்தில் தண்டவாளங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து போவது கை ரேகை மாதிரி இருந்தது. மலைநாட்டுப் பாதை, கரையோரப் பாதை, களனிவெளிப் பாதை எல்லாம் இந்த இடத்தைத் தொட்டுத்தான் போகின்றன. 155ஐத் தேடினோம். கிடைக்கவில்லை. அந்த உயரத்தில் எல்லா பஸ்ஸும் ஒரே சிவப்புப் புள்ளி.

கொம்பனித்தெருப் பக்கம் பார்த்தபோது கொட்டாஞ்சேனைக்காரன் கொஞ்சம் அமைதியாகிவிட்டான். அவனுடைய மாமி குடும்பம் அங்கே ஒரு சந்தில் இருந்தது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவந்த பிறகு கொழும்பை அழகாக்கும் வேலை வேகம் பிடித்ததே, அந்தக் காலத்துக் கதை. சந்து போய் இப்போது தெமட்டகொடைப் பக்கம் மாடி வீடு. வீடு பழசைவிட நல்ல வீடுதான், மாமியே அதைச் சொல்வா. ஆனால் அவ விடிய அப்பம் சுட்டு விற்றது கொம்பனித்தெருவில் வேலைக்கு வருகிற ஆட்களுக்கு. விடியற்காலை நாலு மணிக்கு அப்பச்சட்டியோடு எந்த பஸ்ஸில் ஏறுவது? மாமி இப்போது அப்பம் சுடுவதில்லை.

இரண்டாம் வருடத்தில் நகர சமூகவியலுக்கு ஒரு ஒப்படை வந்தது. கொழும்பை வேறொரு நகரத்தோடு ஒப்பிட வேண்டும். எல்லோரும் சிங்கப்பூரை எடுத்தார்கள் (கொழும்பைச் சிங்கப்பூராக்கும் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தும்). நாங்கள் கொஞ்சம் அடிபட்ட நகரம் ஏதாவது இருக்கா என்று தேடி, அமெரிக்காவின் மத்திய மேற்குக்குப் போனோம். தொழிற்சாலை மூடி, சனம் புறநகருக்குப் போய், நகர நடுப்பகுதி வெறிச்சோடிப்போன ஊர்கள். அவற்றைத் திரும்ப உயிர்ப்பிக்க அங்கேயும் ட்ராம் விட்டிருக்கிறார்கள்.

கன்சாஸ் சிட்டியில் 2016இல் தொடங்கிய ட்ராமில் டிக்கட்டே கிடையாது. பாதை போகிற பகுதியை ஒரு தனி வலயமாக்கி, அங்கே விற்பனைக்கு ஒரு சிறு வரியும், காணி கட்டடம் வைத்திருப்பவர்களிடம் ஒரு தொகையும் வாங்கி ஓட்டுகிறார்கள். ட்ராம் வந்து காணி விலை ஏறினால், ஏறியதில் ஒரு பங்கு ட்ராமுக்கே திரும்ப வருகிறது. இதை வாசித்தபோது, தாமரைக் கோபுரத்தைச் சுற்றி எழும்புகிற கட்டடங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எங்களை அதிகம் பிடித்துக்கொண்டது சின்சினாட்டி. அங்கே ட்ராமுக்குத் தண்டவாளம் போடத் தொடங்கிய பிறகு, 2013 தேர்தலில் அந்தத் திட்டத்தை எதிர்த்தவர் மேயராக வந்தார். டிசெம்பரில் நகரசபை வேலையை இடைநிறுத்தியது. அத்தோடு கதை முடியவில்லை. தொடர்ந்தால் என்ன செலவு, கைவிட்டால் என்ன செலவு என்று வெளியிலிருந்து கணக்காய்வாளரைக் கூப்பிட்டுக் கணக்குப் போட வைத்தார்கள். சனம் கையெழுத்துச் சேர்த்தது. அதே மாதம் திரும்ப வாக்கெடுத்து, தொடர்வது என்று முடிவானது. 2016 செப்டெம்பரில் ட்ராம் ஓடியது. ஓடியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல ஏலாது. எதிர்பார்த்த அளவு ஆட்கள் ஆரம்பத்தில் ஏறவில்லை. ட்ராம் வட்டமிடுவது நடு நகரத்தை மட்டும்தான், வேலைக்குப் போகிற சனம் நம்பியிருந்தது பஸ்ஸை. 2020இல் அந்தக் கவுன்டி மக்கள் தங்கள் விற்பனை வரியைத் தாங்களே கூட்டிக்கொள்ள வாக்களித்தார்கள், முக்கியமாக பஸ் சேவைக்காக. வரியைக் கூட்டச் சொல்லி ஆட்கள் வாக்குப்போடுவார்களா என்று எங்களில் ஒருவன் இரண்டு முறை கேட்டான்.

இனி எங்கட ஊர். மாலபேயிலிருந்து கோட்டைக்கு இலகு ரயில். 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள். 2019 மார்ச்சில் ஜப்பானின் ஜைக்காவோடு முதற்கட்டக் கடனாக 30 பில்லியன் யென்னுக்கு ஒப்பந்தம். கட்டுமானத்துக்கு வட்டி 0.1 வீதம், திருப்பிக்கொடுக்க 40 வருடம், அதில் முதல் 12 வருடம் சலுகைக் காலம். 2020 செப்டெம்பரில் ஜனாதிபதியின் செயலாளரிடமிருந்து ஒரு கடிதம் போனது: செலவு கூட, கொழும்புக்குப் பொருத்தமான தீர்வில்லை, நிறுத்துங்கள். அவ்வளவுதான். வாக்கெடுப்பு இல்லை. கைவிட்டால் என்ன செலவு என்ற கணக்கை முதலில் சனத்துக்கு முன்னால் வைக்கவும் இல்லை. இரண்டு வருடம் கழித்து நாடே டீசல் வரிசையில் நின்றது. 2022 யூலையில் ஆகக் குறைந்த பஸ் கட்டணம் 40 ரூபாவுக்குப் போனது.

நேர்மையாகச் சொன்னால், அந்த ரயில் எங்களுக்கு உதவியிருக்காது. அது பத்தரமுல்லை, ராஜகிரிய, பொரளைப் பக்கத்து அலுவலகக்காரர்களின் பாதை. கொட்டாஞ்சேனைக்கோ வெள்ளவத்தைக்கோ வராது. அதனால் அதற்காக அழுகிற கூட்டத்தில் நாங்கள் இல்லை. ஆனால் ஒரு நகரம் எப்படிப் போய் வருவது என்பதை ஒரு கடிதத்தால் முடிக்கலாம் என்றால், 155க்கு இரவு ஒரு ட்ரிப் கேட்டு யாரிடம் போவது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் தலை சுற்றும். இ.போ.ச. பஸ்ஸும் ரயிலும் மத்திய அரசுக்குக் கீழே. தனியார் பஸ்ஸின் பாதை அனுமதி மாகாணத்துக்குக் கீழே. மாநகரசபையிடம் ஒரு பஸ்கூட இல்லை. கோபுரம் என்றால் கட்ட ஒரு ஆள் இருக்கிறது, திறக்க ஒரு ஆள் இருக்கிறது. இரவு எட்டு மணி பஸ்ஸுக்கு நாடா வெட்ட யாரும் வரமாட்டார்கள்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை என்பது மருதானைக்காரியின் உம்மும்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

"கோச்சி மாதிரித்தான் மகள், ஆனா ரோட்டுக்கு நடுவால போகும். மணி அடிக்கும். வாப்பா என்னைக் கூட்டிக்கிட்டு பொரளைக்குப் போவாரு. எறங்கவே மனசு வராது."

அவ சொன்னது ட்ராம். 1899இல் தொடங்கியது. ஒரு பாதை கிராண்ட்பாஸுக்கு, மற்றது மருதானையால் பொரளைக்கு. முதலில் பௌஸ்டட் என்ற வெள்ளைக்காரக் கம்பனி நடத்தியது. 1929இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் ட்ராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மருதானைப் பொலிஸ் நிலையமே தீக்கிரையாகி, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ட்ராம் என்றால் இந்த ஊரில் உயிர் போகிற விசயமாக இருந்திருக்கிறது! 1944இல் மாநகரசபை அதைத் தானே வாங்கிக்கொண்டது. 1953இலிருந்து மின்சாரக் கம்பியில் ஓடும் ட்ரொலி பஸ்ஸையும் நடத்தியது. 1960இல் ட்ராம் நின்றது, 1964இல் ட்ரொலி பஸ்ஸும் நின்றது. ஆக, உம்மும்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த நகரத்துக்குச் சொந்தமாக வண்டி இருந்தது. குறை சொல்லப் போனால் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது.

2025 செப்டெம்பரில் மருதானை ரயில் நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கிவைத்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் புறக்கோட்டை மத்திய பஸ் நிலையத்திலும் வேலை தொடங்கியது. நக்கலடிக்க எங்களுக்கு மனமில்லை. சுத்தமான கழிவறை, ஒழுகாத கூரை, இருக்க ஒரு வாங்கு எல்லாம் பெண் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று எங்களில் இருவருக்கு நல்லாத் தெரியும். ஆனால் நல்ல நிலையத்தில் நின்றாலும் நிற்பது நிற்பதுதானே. வண்டி வர வேண்டுமே.

உம்மும்மாவுக்கு அந்தச் செய்தி வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. போன கிழமை அவ வீட்டில் ப்ளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டா:

"ஸ்டேசன் எல்லாம் செய்றாங்களாமே. அப்ப ட்ராமும் திரும்ப வருதா?"

இல்லை உம்மும்மா, பெயின்ட் அடிக்கிறாங்க, வேற வேலையும் ஈக்கி, ட்ராம் இல்லை என்று பேத்தி சொன்னாள்.

"பொறகு நீங்க எப்பிடி நாடகத்துக்குப் போறது?" என்றா அவ. அவவுக்கு இதெல்லாம் தெரியும் என்று எங்களுக்கு அன்றுவரை தெரியாது.

இப்போது நாங்கள் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். ஏழு மணிக்குப் பிறகு யார் எந்த ஹோல்ட்டில் நின்றாலும் போன நேரத்தையும் பஸ் வந்த நேரத்தையும் எழுதுகிறோம். மூன்று மாதம் நிறைந்ததும் மாகாணப் போக்குவரத்து அதிகார சபைக்குக் கொண்டுபோவதாக எண்ணம். அதில் இரவு ஓடினால் வருகிற நட்டத்தையும் எழுதப்போகிறோம், கொண்டக்டர் அண்ணா கணக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளவத்தையிலிருந்து மட்டக்குளி வரைக்கும் அந்தப் பாதையில் இரவில் நிற்கிறவர்கள் நீங்களும் குறித்து வையுங்கள். அடுத்த நாடகத்துக்கான தேர்வு மாசியில்.