மாமா கொண்டுவந்த செட்டு

எங்கள் வீட்டில் ‘செட்டு’ என்றால் ஒன்றுதான். டீ செட்டு டாக்டர் வீட்டில் இருந்தது, ரேடியோ செட்டு பஞ்சாயத்து ஆபீஸில் இருந்தது. எங்களிடம் இருந்தது பேனா செட்டு. ஒரு பார்க்கர் 51, அதே சாயலில் ஒரு பென்சில், இரண்டும் படுத்துக்கொள்ள வெல்வெட் விரித்த பெட்டி. 1947 தை மாதம் அப்பா அம்மா கல்யாணத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து தாய்மாமா கொண்டுவந்தது. கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கி, ரயில் மாறி மாறி, முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி கையில் அந்தப் பெட்டியோடு வந்து நின்றாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா பெட்டியின் மூடியை இரண்டு விரலால் தட்டுவாள். “எங்க அண்ணன் குடுத்தது.”

அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிர்த் திண்ணையில் அவருக்கு ஒரு சாய்வு மேசை. நான்கெல்லை விவரம் எழுதும்போது யார் கூப்பிட்டாலும் நிமிர மாட்டார். நீலக் கறுப்பு மைதான். மற்ற நிறமெல்லாம் தண்ணி பட்டால் ஓடிவிடும், நாளைக்குக் கோர்ட்டில் நிற்காது என்பார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மை அடைக்கிற சடங்கு. பேனாவின் பின்னுடலைத் திருகிக் கழற்றினால் உள்ளே வெள்ளியாய் ஒரு குழாய், அதில் வரிவரியாய் ஒரு பட்டை. நிப்பை மைப் புட்டிக்குள் விட்டுப் பட்டையை அமுக்குவார். புட்டிக்குள் குபுகுபுவென்று குமிழி வரும். அந்தச் சத்தத்துக்காகவே நான் தூக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பென்சிலை மட்டும் அவர் தொட்டுப் பார்த்ததில்லை. பத்திரத்தில் பென்சிலுக்கு என்ன வேலை?

நாங்கள் பள்ளிக்கூடத்தில் எழுதியது வேறு ரகம். கழுத்தைத் திருகி, ஃபில்லரால் மை ஊற்றுகிற பேனா. எப்படி ஊற்றினாலும் கட்டைவிரல் நீலமாகத்தான் இருக்கும். மூன்றாம் பீரியடில் மை தீர்ந்துபோகும். “ரெண்டு சொட்டு குடுறா” என்றால் பக்கத்துப் பையன் தன் பேனாவின் கழுத்தைக் கொஞ்சம் தளர்த்தி, என் பேனாவின் திறந்த வாய்க்குள் சொட்டுவிடுவான், வாய்விட்டு எண்ணிக்கொண்டே. மறுநாள் அதே எண்ணிக்கையைத் திருப்பித் தந்தாக வேண்டும். சிந்தியதை ஒற்றச் சாக்பீஸ். நிப்பு அடைத்துக்கொண்டால் பிளவுக்குள் பிளேடு. பிளேடு போட்ட நிப்பு அதன் பிறகு எதையும் உருப்படியாக எழுதியதில்லை, ஆனாலும் நாங்கள் விட்டதில்லை.

கல்லூரிக்குச் சென்னை வந்தபோது பர்மா பஜாரில் ஒரு ஹீரோ வாங்கினேன். நிப்பை மூடி நுனி மட்டும் எட்டிப் பார்க்கிற மூக்கு. அச்சு அசல் அப்பாவின் பேனா மாதிரி இருக்கிறதே என்று பூரித்துப்போனேன். யாரைப் பார்த்து யார் செய்தது என்பதெல்லாம் அப்போது தெரியாது. மூர் மார்க்கெட்டிலும் பழைய பேனாக்கள் கூடை கூடையாய்க் கிடக்கும். கையில் காசில்லாத காலத்தில் அதெல்லாம் இருந்தது. காசு வந்தபோது மார்க்கெட் இல்லை, 1985இல் எரிந்துபோயிற்று.

சேகரிக்கும் கிறுக்கு பிடித்தது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான். பழைய பேனாவைக் கண்டுபிடிக்க முதலில் மூக்கு வேண்டும். கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகரும்போது கற்பூர வாசனை அடித்தால் அது செல்லுலாய்ட். கற்பூரம் சேர்த்துத்தான் அதைச் செய்தார்கள். கந்தக வாடை வந்தால் எபோனைட், அதாவது கந்தகம் போட்டு இறுக வைத்த ரப்பர். சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரனுக்கு அந்த வாடையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கறுப்பு எபோனைட் வெயில் பட்டுப் பட்டுக் காப்பி நிறத்துக்கு வெளுக்கும். அழுக்குப் போகட்டும் என்று வெந்நீரில் போட்டால் இன்னும் வெளுத்துவிடும். அப்படி ஒரு ரத்னம் பேனாவை நானே கெடுத்திருக்கிறேன். ராஜமுந்திரியில் கையால் கடைந்தது, இன்றும் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

பார்க்கர் 51க்கு வாசனை கிடையாது. காய்வதற்குள் தாள் மையைக் குடித்துவிட வேண்டும் என்று அமெரிக்காக்காரர்கள் ஒரு மை செய்தார்கள். அது செல்லுலாய்டைத் தின்றது, திறந்த நிப்பிலேயே காய்ந்தும் போயிற்று. அதனால் உடலுக்கு லூசைட் என்கிற பிளாஸ்டிக், நிப்பின் மேல் ஒரு முக்காடு. கம்பெனிக்கு 51 வயதான 1939இல் உருவாகி முடிந்ததால் அந்தப் பெயர். கடைக்கு வந்தது 1941இல். அதில் கறுப்பு நிறத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘இந்தியா பிளாக்’. நம்மைக் கேட்டா வைத்தார்கள்!

செட்டு என்று வந்துவிட்டால் சந்தேகப்படுவதுதான் முதல் வேலை. தனியாகச் சிக்கிய பேனாவையும் தனியாகச் சிக்கிய பென்சிலையும் ஒரு காலிப் பெட்டியில் ஜோடி கட்டி விற்கிறவர்கள் எங்கும் உண்டு. இரண்டின் நிறத்தையும் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூடியின் கோடுகள் ஒத்துப்போகின்றனவா, எந்த நாட்டில் செய்தது என்ற பொறிப்பு ஒன்றுதானா, பெயர் வெட்டியிருந்தால் வெட்டிய கை ஒன்றுதானா என்று லென்ஸ் வைத்துத் தேட வேண்டும். இப்படி ஊரார் செட்டையெல்லாம் உரித்துக்கொண்டிருந்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடியில் வைத்து எங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்தேன். அப்பா போய்ப் பதினெட்டு வருஷம், அம்மா போய்ப் பதினொன்று.

நாற்பது வாட் பல்பின் கீழ் ஒரே நிறமாகத் தெரிந்தவை வெயிலில் ஒன்றாக இல்லை. பென்சில் செம்மண்ணும் காப்பியும் கலந்த பழுப்பு. கார்டோவன் பழுப்பு என்று பெயர், 40களின் நிறம். பேனா பர்கண்டி, பீட்ரூட் வெந்த தண்ணீர் மாதிரி. பென்சிலில் அமெரிக்கா என்றிருந்தது, பேனாவில் இங்கிலாந்து. அதற்குள் என் கை பேனாவின் பின்னுடலைத் திருகியிருந்தது. வெள்ளிக் குழாய், வரிப் பட்டை, உள்ளே இன்னும் இற்றுப்போகாத கண்ணாடிப் பை.

51 வந்த புதிதில் இந்தக் குழாய் கிடையாது. வால் பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் தண்டை அமுக்கி அமுக்கி மை ஏற்றுகிற வகைதான் இருந்தது. அமுக்குப் பட்டை வந்தது 1948இல். நான் தூக்கத்தை விட்டுக் கேட்ட அந்தக் குபுகுபு, கல்யாணத்தில் வந்த பேனாவில் கேட்டிருக்கவே முடியாது.

இரண்டிலும் அப்பாவின் முதலெழுத்துகள் உண்டு, ஆங்கிலத்தில் கே.ஆர். என்று. லென்ஸை வைத்தேன். பென்சிலில் ஆர் எழுத்தின் வால் அடியில் ஒரு சுழி சுழித்து மேலே ஏறியது, சிங்கப்பூர்க் கடைக்காரனின் வேலை. பேனாவில் யாரோ அதைப் பார்த்துப் பார்த்து வெட்டியிருந்தார்கள். கே சரியாக வந்துவிட்டது. ஆரின் வாலில் சுழி பாதியிலேயே நழுவி நேர்கோடாய்ப் போயிருந்தது. நம்மூர்ப் பிளாட்பாரத்தில் பேனாவில் பெயர் வெட்டுகிறவர் யாராவதாக இருக்கும். பென்சிலை மாதிரிக்குக் காட்டிப் பக்கத்தில் அப்பா நின்றிருக்க வேண்டும்.

அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் 1948இல் பிறந்தவள், வீட்டின் பழைய கணக்கெல்லாம் அவளிடம்தான். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“எனக்கு ஆறு வயசிருக்கும் தம்பி. அப்பா திருநெல்வேலி போயிட்டு வந்த ஒருநா, சட்டைப் பை கிழிஞ்சு தொங்குச்சு. பஸ்ஸுல கொக்கியில மாட்டிருச்சுன்னாரு. அம்மா விளக்கு வச்சுத் தைச்சுக் குடுத்தா.”

அந்தக் காலத்தில் பஸ் ஸ்டாண்டு ஜேப்படிக்காரனுக்குப் பணத்தைவிடச் சட்டைப் பையில் மின்னும் பேனா மூடிதான் சுலபம்.

“பேனா?”

“பேனாவை நான் எங்க கண்டேன். ஆனா அடுத்த மாசம் சைக்கிள் போச்சு. முட்டி வலிக்குது, மிதிக்க முடியலைன்னு சொல்லி வித்துட்டாரு.” சிரிப்பது கேட்டது. “முட்டி வலின்னு சைக்கிளை வித்தவரு, தெனம் ஒன்றரை மைல் ஆபீசுக்கு நடந்து போனாரு. யாராவது கேட்டாங்களா?”

“அம்மா கேக்கலையா?”

“கேக்கலை.”

போனை வைத்துவிட்டுப் பென்சிலை மறுபடி வெயிலில் பிடித்தேன். பார்க்கர் கொக்கி அம்பு வடிவம், அம்பின் பின்னால் இறகு மாதிரிக் கோடு கோடாய்ச் செதுக்கியிருக்கும். பென்சிலின் அந்தக் கோடுகளுக்குள் ஏதோ கருஞ்சிவப்பாய் இறுகிக் கிடந்தது. ஊசியால் கீறினேன். குங்குமம்.

சரஸ்வதி பூஜைக்குச் செட்டை அம்மாதான் எடுத்து வைப்பாள். எங்கள் புத்தகங்கள், அப்பாவின் ஸ்டாம்பு பேடு, மேலே திறந்த பெட்டி. சந்தனம் தொட்டுக் குங்குமம் வைப்பாள். பேனாவின் கொக்கியில் லென்ஸை நகர்த்தினேன். இறகுக் கோடுகள் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தன. அப்போதுதான் ஞாபகம் வந்தது. எட்டோ ஒன்பதோ வயதில் நானே கேட்டிருக்கிறேன், “பேனாவுக்குப் பொட்டு வைக்கலையாம்மா?” என்று. அப்பா பக்கத்தில் மணைப் பலகையில் உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

“அது அவுக தெனமும் எழுதுறது ராசா, கையில பிசுபிசுங்கும்” என்றாள் அம்மா.