நான் அடித்த வரி

முதுகலைத் திட்டப்பணிக்காக எங்கள் ஆய்வகத்துக்கு வந்த ஒரு மாணவியின் அறிக்கையிலிருந்து உண்மையான ஒரு வரியை நான் அடித்தேன். அது என் முடிவுக்கு எதிராக இருந்தது. வேறு காரணம் இல்லை.

அந்த வரி ஏன் என்னை அப்படி அச்சுறுத்தியது என்று சொல்ல வேண்டும். பி2 வைட்டமினிலிருந்து உருவாகும் ஃபிளேவின், நீல ஒளி பட்டால் பசுமஞ்சளாக ஒளிரும். நொதிக்குள் டைரோசினோ டிரிப்டோஃபேனோ ஒட்டி நின்றால், அங்கிருந்து எலக்ட்ரான் தாவி அந்த ஒளி மங்கிவிடும். விலகினால் திரும்பும். ஈ. கோலையின் ஃபிளேவின் ரிடக்டேஸில், ஃபிளேவினுக்கும் ஒரு டைரோசினுக்கும் நடுவிலுள்ள தூரம் ஓயாமல் ஆடுவதை 2003இல் ஹார்வர்டில் சன்னி ஷீயின் குழு ஒற்றை மூலக்கூறிலேயே இந்த வழியில் அளந்தது. பாரா-ஹைட்ராக்சிபென்சோயேட் ஹைட்ராக்சிலேஸில் இன்னும் பெரிய அசைவு. அதன் ஃபிளேவின் வெளிப்பக்கம் வந்து எலக்ட்ரான் வாங்கி, உள்ளே திரும்பி ஆக்சிஜனோடு வினைபுரிகிறது. இரண்டு நிலைகளையும் 1994இல் படிக அமைப்புகள் காட்டின. எனக்கு இன்றும் வியப்புத் தீராத அசைவு அது.

அந்த ஹைட்ராக்சிலேஸின் இனத்து நொதி ஒன்றில் அதே அசைவைப் பிடிக்க ஆசைப்பட்டேன். அடிமூலக்கூறை ஒத்த ஒரு சேர்மத்தை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து நொதியில் சேர்த்தேன். சேர்க்கச் சேர்க்க ஒளிர்வு ஏறியது. வளைகோடு அவ்வளவு அழகு. ஃபிளேவின் வெளியே வருகிறது என்று எழுதிவிட்டேன். வெறும் டி.எம்.எஸ்.ஓ.வைச் சேர்த்துப் பார்க்கும் சோதனையைத் தள்ளிக்கொண்டே போனேன்.

அந்த மாணவி ஒருநாள் கலவையைப் புரதம் கடக்காத சவ்வில் வடிகட்டி, வடிநீரை ஒளிர்வுமானியில் வைத்திருக்கிறாள். "அண்ணா, வடிச்ச தண்ணியும் ஒளிருதே" என்றாள். "சவ்வு கிழிஞ்சிருக்கும், விடும்மா" என்றேன். கிழிந்திருந்தால் புரதமும் வடிநீரில் இருக்க வேண்டும். ஒரு துளியில் பிராட்ஃபோர்டு சாயம் ஊற்றினால் சில நிமிடங்களில் தெரிந்திருக்கும். நான் ஊற்றவில்லை. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதே நிஜம். அந்தக் கவனிப்பை அவள் அறிக்கையில் எழுதியபோது, "இது குழப்பும்" என்று சொல்லி அடித்தேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. என் தைரியமே அந்த மௌனம்தான்.

அவள் போனபிறகு என் வழிகாட்டி ஒளிமுனைவு அளவீடு கேட்டார். புரதத்தோடு பிணைந்த ஃபிளேவின் மெதுவாகச் சுழலும், அதனால் அதன் ஒளியின் முனைவு பெரும்பாலும் நிலைக்கும். தனி ஃபிளேவின் விர்ரென்று சுழல்வதால் முனைவு கலைந்துவிடும். என் மாதிரியில் கலைந்திருந்தது. ஃபிளேவின் இடம் மாறவில்லை, நொதியை விட்டே கழன்றிருந்தது. வெறும் டி.எம்.எஸ்.ஓ.வும் அதையே செய்தது. பிணைந்த ஃபிளேவின் அவ்வளவு மங்கல் என்பதால், சிறு பங்கு கழன்றாலே அந்த ஒளி எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

கட்டுரையை நிறுத்தினோம். வழிகாட்டியிடம், நொதித் தொகுதி கெட்டுவிட்டது என்றேன். அது இரண்டாவது பொய். தவறு முன்பே கண்ணில் பட்டது, பட்டது அவள் கண்ணில் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அவளுடைய அறிக்கையில் இருந்திருக்க வேண்டிய வரி இது: சேர்மம் சேர்த்த கலவையின் வடிநீரும் ஒளிர்கிறது, ஃபிளேவின் நொதியிலிருந்து கழன்றிருக்கலாம்.